காரில்லாத கராஜ்

டிரில் சுவருக்குள் இறங்கும் சத்தத்தில் மூத்தார் வந்து நின்றது அவளுக்குத் தெரியவில்லை. துளையிலிருந்து உதிர்ந்த செங்கல் பொடியை வாயால் ஊதிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தாள். ஷட்டருக்குக் கீழே, பாதி உடம்பு தூறலில் நனைய, குடையை விரிக்கவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா பண்ணிட்டிருக்க?"

"ஷெல்ஃப் அடிக்கிறேன் மாமா."

மூத்தாருடைய தம்பி, அவளுடைய கணவர், அன்று காலை ஐந்து நாற்பதுக்கு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். இப்போது மணி ஒன்பது. இறந்தவருடைய மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் டிரில்லோடு நிற்கிறாள். மூத்தார் உள்ளே வந்து, உட்கார இடம் தேடினார். உட்கார இடம் இல்லை. நிற்கவே இடம் இல்லை.

அந்த வீட்டில் மாடிதான் வீடு. கீழே முழுவதும் கராஜ். காரென்று ஒன்று அவர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை; குடிவந்த பதினோரு வருஷத்தில் அங்கே சேர்ந்ததெல்லாம் லிஃப்ட். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷர், கழற்றிப் போட்ட எதையும் விட்டுவிட்டு வந்ததில்லை. கதவு உருளைகள், பித்தளைப் பொத்தான்கள், எந்த மாடியென்று காட்டும் விளக்குப் பெட்டிகள், செத்த மோட்டார்கள், அவை வந்த மரப்பெட்டிகளின் பலகைகள். ஒவ்வொன்றையும் காட்டி, "இது எதுக்காவது ஆகும்" என்பார். எதற்காவது ஆகவும் செய்தது. அதனால்தான் அவளால் முழுசாகச் சண்டை போட முடியவில்லை.

"ஆஸ்பத்திரியில ரெண்டு மணிக்குக் கொடுக்குறேன்னிருக்காங்க," என்றாள். "மேல கொண்டு போக முடியாது. உங்களுக்கே தெரியும், படிக்கட்டுத் திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் திரும்பாது. வெளிய வச்சா மழை. இங்கதான் வைக்கணும்."

"நேரா மயானத்துக்கே கொண்டு போயிடலாமேம்மா. எதுக்கு இவ்ளோ சிரமம்?"

"பதினாறு நாளா, வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு சொல்லிட்டிருந்தாரு. ரெண்டு மணி நேரமாவது வந்துட்டுப் போகட்டும்."

மூத்தார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய உடம்பு. லாரிகளை நிறுத்தி எடை போடும் மேடையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பியும் அண்ணனும் நல்லநாள் பெரியநாளுக்குப் பார்த்துக்கொள்வதோடு சரி.

"அப்ப ஒரு லாரிய வரச் சொல்றேன். எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகட்டும். ஒரு மணி நேர வேலை. குப்பைதானேம்மா இதெல்லாம்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்தக் குப்பைதான் அவனைக் கொண்டு போச்சு."

மூலையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எதையும் பார்த்து, படித்து, பிறகு பேசுகிறவள். "பெரியப்பா," என்று தொடங்கியவளை அம்மாவின் கை நிறுத்தியது.

பதினேழு நாட்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் அவள்தான் கத்தினாள். ஷெல்ஃபுக்கென்று மூன்று வருஷத்துக்கு முன்பே இருபத்திரண்டு மரச்சட்டம் வாங்கிப் பின்சுவரோரம் படுக்க வைத்திருந்தார்கள். அதன்மேல் பெட்டி, பெட்டிமேல் மோட்டார், மோட்டார்மேல் பலகை. சாமான்களை எடுத்துவைக்க ஷெல்ஃப் வேண்டும், ஷெல்ஃப் அடிக்கச் சட்டம் வேண்டும், சட்டத்தை எடுக்கச் சாமான்களை நகர்த்த வேண்டும். இந்தச் செக்குமாட்டுச் சுற்றிலேயே மூன்று வருஷம் போயிற்று. "நீங்க செய்றீங்களா, இல்ல நான் ஆள் வச்சு அள்ளிப் போடட்டுமா" என்று அன்று கேட்டாள். அவர் கோபப்படாமல் இறங்கிப் போனார். நாலு சட்டங்களை உருவி எடுத்து வெளியே சாய்த்தார். ஐந்தாவதைப் பாதி இழுத்தவர், மூச்சு வாங்குகிறதென்று ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

இதயத்தில் ஒரு வால்வு பல வருஷமாகவே கெட்டிருந்ததாக டாக்டர் சொன்னார். என்றைக்காவது ஒருநாள் மாடிப்படி ஏறும்போதோ, தூக்கத்திலோ நடந்திருக்கும் என்றார். அதை அவள் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

"மாமா," என்றாள். "இன்னைக்கு இந்த வீட்ட விட்டு ஒண்ணுதான் வெளிய போகும். வேற எதுவும் போகக் கூடாது."

சொல்லிவிட்டு டிரில்லைத் திரும்பச் சுவரில் வைத்தாள்.

அவளுக்கு இது புது வேலையல்ல. அக்கம்பக்கம் அவளைக் 'கர்ட்டன் அக்கா' என்றுதான் கூப்பிடும். திரைச்சீலை தைத்துக் கொடுப்பதோடு, வீட்டுக்கு வந்து கம்பி மாட்டியும் கொடுப்பாள். எந்தச் சுவரைத் தட்டினால் என்ன சத்தம் வரும், எங்கே செங்கல், எங்கே வெறும் பூச்சு என்பது விரலுக்குத் தெரியும். இந்தக் கராஜின் இடது சுவர் பதினாறு அடி. அதை அவள் மனசுக்குள் எத்தனையோ தடவை அளந்திருக்கிறாள். நாலடிக்கு ஒரு கட்டம், நாலு கட்டம். ஆழம் இரண்டடி. மூன்று தட்டு: முழங்கால் உயரத்தில் ஒன்று, மார்பளவில் ஒன்று, தலைக்குமேல் ஒன்று. சுவரில் ஒரு சட்டத்தை ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். எதிரே இரண்டு கால் நிறுத்த வேண்டும். இரண்டையும் குறுக்குச்சட்டத்தால் இணைத்து மேலே பலகையைப் போட்டால் தட்டு. ஆணியடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். தொடங்கத்தான் ஆள் வேண்டும்.

தொடங்க இருபத்திரண்டு சட்டம் தேவையில்லை என்பது காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஆட்டோவில் அவளுக்குத் தோன்றியது. நாலு போதும். ஒன்றை இரண்டாக அறுத்தால் சுவருக்கும் முன்பக்கத்துக்கும் ஆயிற்று. இரண்டு, கால்கள். மிச்சம் ஒன்றை இரண்டடித் துண்டுகளாக அறுத்தால் குறுக்குச்சட்டம். முதல் கட்டத்தின் கீழ்த்தட்டு தயார். அதில் நாலு பெட்டியை ஏற்றினால் அடுத்த நாலு சட்டத்தை எடுக்க வழி கிடைக்கும். நாலு சட்டம் வெளியேதான் சாய்ந்திருந்தது.

ஏன் மூன்று வருஷமாக இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை என்று யோசித்தாள். பிறகு அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டாள்.

"ரசமட்டத்தப் பிடி," என்றாள் மகளிடம்.

மகள் சட்டத்தின்மேல் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்தாள். "கொஞ்சம் உன் பக்கம் தூக்கு. இன்னும். போதும்." ஸ்க்ரூ இறங்கியது. மகள் குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "நீ இன்னும் அழவே இல்லம்மா."

"டிரில்ல பிடிச்சுக்கிட்டு அழுதா துளை பெருசாயிடும்."

"நான் வேடிக்கைக்குச் சொல்லல."

"நானும் வேடிக்கைக்குச் சொல்லல. துளைக்குள்ள வச்ச பிளக் லூசாயிட்டா ஸ்க்ரூ பாரம் தாங்காது. அந்தப் பலகைய எடு."

பத்தரை மணிக்கு முதல் தட்டு நின்றது. பதினொன்றுக்கு இரண்டாவது கட்டம் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் அவருடன் வேலை பார்த்த இரண்டு மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒருவர் பெயர் கிரீஸ்; எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண் கறுப்பாகவே இருக்கும். இன்னொருவர் பல்லி, லிஃப்ட் சுரங்கத்துக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டே இரண்டு மாடி ஏறுவார். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டியிருந்தது. கராஜ் வாசலில் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கிரீஸ் மேலே பால்கனியைப் பார்த்தார்.

"படிதான் பிரச்சனைன்னா சொல்லுங்கக்கா. பால்கனியில கப்பி மாட்டி, கயிறு கட்டி நேரா மேலயே ஏத்திடலாம். அண்ணன் அப்படித்தான ஃப்ரிட்ஜ ஏத்தினாரு."

"அவர் ஃப்ரிட்ஜ் இல்லங்க."

"அதில்லக்கா, நான் சொல்ல வந்தது…"

"புரியுது. நீங்க ரெண்டு பேரும் அந்த மோட்டாரத் தூக்குங்க."

பல்லி டிரில்லை நோக்கிக் கையை நீட்டினார். "கொடுங்கக்கா, நாங்க பாத்துக்குறோம். நீங்க மேல போய்க் கொஞ்சம் படுங்க."

"நீங்க தூக்குங்க. ஸ்க்ரூ நான் போடறேன்."

அவள் பொருத்தியிருந்த சட்டத்தைப் பல்லி ஒருமுறை பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை. அதற்குமேல் அவரும் டிரில்லைக் கேட்கவில்லை.

மோட்டாரைத் தூக்கி வந்த கிரீஸ் தட்டின் எதிரே வந்ததும் நின்றுவிட்டார். "அக்கா, ஒரு நிமிஷம். எடை வச்சுப் பாக்காம ஏத்தக் கூடாது. அண்ணன் இருந்தா விடமாட்டாரு." மோட்டாரை இறக்கி வைத்தார். "ஆள் ஏறுற முன்னாடி கல்லு ஏத்திப் பாக்கணும். எவ்ளோ தாங்கணுமோ அதுக்குமேல கால் பங்கு சேத்து. எந்த பில்டிங்கா இருந்தாலும், எவ்ளோ அவசரமா இருந்தாலும்."

"இந்தத் தட்டுக்கு எவ்ளோ வேணும்?" என்றாள் மகள்.

"எண்பது கிலோ வைக்கப் போறோம்னா நூறு."

"நூறு கிலோவுக்கு இப்ப எங்க போறது?"

நாலு பேருடைய பார்வையும் போய் ஒரே இடத்தில் நின்றது.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார் மூத்தார்.

"மாமா, நீங்க எவ்ளோ இருப்பீங்க?"

முப்பத்தைந்து வருஷம் எடைமேடையில் இருந்தவரிடம் கேட்கக்கூடிய கேள்வியா என்பதுபோல் இருந்தது அவர் முகம். பிறகு, தொழில் மரியாதையை விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: "நூத்தி நாலு. செருப்பில்லாம."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளை ஊன்றி, மெல்ல மெல்ல உட்கார்ந்தார். பலகை ஒருமுறை முனகியது. அவள் குனிந்து சுவர்ச்சட்டத்தைப் பார்த்தாள். ஒரு நூல்கூட நகரவில்லை.

"கால மேல தூக்குங்க," என்றார் கிரீஸ். தூக்கினார். தரையை விட்டு நூற்று நாலு கிலோவும் அந்தத் தட்டில் இருந்தது.

"தாங்குது. இறங்கலாம் சார்."

அவர் இறங்கவில்லை. கால்களைத் திரும்பத் தரையில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்புக்காரர், அந்த அகலமில்லாத பலகையில், பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர்போலத் தெரிந்தார். கிரீஸும் பல்லியும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, தேவையில்லாத ஒரு பெட்டியை எடுக்கப் பின்னால் போனார்கள்.

"பதினாறு நாள்ல ஒரு தடவைதான்மா போய்ப் பாத்தேன்," என்றார் மூத்தார். "அதுவும் பத்து நிமிஷம். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பஸ்ஸெல்லாம் இருந்துச்சு."

அவள் பிளக் டப்பாவை மூடினாள்.

"வந்துட்டுப் போனீங்கல்ல. அன்னைக்கு ராத்திரி ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டாரு. அண்ணன் இன்னும் குண்டாயிட்டாருன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"அப்படியா சொன்னான்?"

"ஆமா."

அவர் புறங்கையால் மூக்கைத் துடைத்தார். "சொல்லுவான். சொல்லக் கூடியவன்தான்."

"நீங்க அப்ப சொன்னதுக்கும் ஒண்ணு சொல்லணும் மாமா. இந்த சாமான் அவரைக் கொண்டு போகல. நான் கத்தினதும் கொண்டு போகல. டாக்டர் சொன்னத நான் நம்புறேன். நீங்களும் நம்புங்க." அவள் குரல் உயரவே இல்லை. "எந்திரிங்க. அடுத்த தட்டு போடணும்."

அவர் எழுந்தார். செருப்பைப் போட்டுக்கொள்ளாமலே வந்து சட்டத்தின் மறுமுனையைப் பிடித்தார்.

அதன்பிறகு வேலை வேகம் பிடித்தது. ஒரு பெட்டி மேலே ஏற ஏறத் தரையில் இரண்டடி வெளிச்சமாயிற்று. மகள் இன்னது இன்னதென்று பார்த்து, கனமானவற்றைக் கீழும் லேசானவற்றை மேலுமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மெக்கானிக்குகள் ஒவ்வொன்றையும் தூக்கும்போது ஒரு விநாடி நின்றார்கள். "இது அந்தத் துணிக்கடை லிஃப்ட்டோடது." "இது பழைய தபாலாபீஸ்." "இதக் கழட்டின அன்னைக்குத்தான் இவன் கால்ல போட்டுக்கிட்டான்." குப்பை என்ற சொல்லை மூத்தார் திரும்பச் சொல்லவில்லை. ஒரு பித்தளைப் பொத்தானை மட்டும் கையில் வைத்துத் துடைத்து, கீழ் அம்புக்குறி தெரிய ஆரம்பித்ததும், பெட்டிக்குள் போட்டார்.

பன்னிரண்டேகாலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. காகிதமெல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது, ஒரு மணிக்கு வண்டி வந்துவிடும் என்றார்கள்.

"ஒரு மணிக்கா?" என்றாள் மகள். "இன்னும் ஒரு கட்டம் பாக்கியிருக்கே."

அந்த நேரம் பார்த்துத்தான் கடைசிக் கட்டத்தில் சுவர் சொதப்பியது. பிளக்கை அடித்தால் உள்ளே சுற்றிக்கொண்டே போனது. விரலால் தட்டினாள், பொத்தென்று சத்தம். பின்சுவரோடு சேரும் மூலையில் தண்ணீர் இறங்கிப் பூச்சு உளுத்திருந்தது. இங்கே எந்த ஸ்க்ரூவும் நிற்காது.

பல்லி கையைப் பிசைந்தார். "சிமெண்ட் வச்சு நிரப்பினாத்தான். காய ஒரு நாளாவது ஆகும்."

அவள் சுவரிலிருந்து ஓரடி பின்வாங்கி நின்று பார்த்தாள். வாடிக்கையாளர் வீட்டில் ஜன்னலைப் பார்ப்பதுபோல, தலையைக் கொஞ்சம் சாய்த்து. பிறகு சொன்னாள்: "சுவர நம்ப வேண்டாம். பின்னாடியும் ரெண்டு கால் கொடுப்போம். நாலு கால்ல தனியா நிக்கட்டும், மேசை மாதிரி. பக்கத்துக் கட்டத்தோட சேத்துக் கட்டிட்டா சாயாது."

"சட்டம் பத்தாதேக்கா. ரெண்டு கால் கூடுதலாச்சே."

"மேல்தட்டு வேண்டாம். அந்தக் கட்டத்துக்கு ரெண்டு தட்டு போதும்."

மூத்தார் மரம் அறுத்தார். வியர்வை அவர் சட்டையை முதுகோடு ஒட்டவைத்தது. பன்னிரண்டு ஐம்பதுக்கு அந்தக் கட்டமும் நின்றது. மிச்சமிருந்த சாமான்களை ஏற்றி முடித்தபோது நடுத்தட்டில் நாலடி இடம் மீந்துவிட்டது. வைக்க ஒன்றும் இல்லை. பதினோரு வருஷமாக இடம் போதாமல் இருந்த கராஜில் இடம் மீதி. மகள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகக் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் தரையைப் பெருக்கினாள். மேலேயிருந்து, தான் தைத்ததிலேயே நல்ல துணியாக ஒரு திரைச்சீலையை எடுத்துவந்து, எதிர்வீட்டுக்காரர் கொடுத்த பெஞ்சின்மேல் விரித்தாள். முகத்தையும் கைகளையும் கழுவிக்கொண்டு, தலையிலிருந்த துண்டை அவிழ்த்தாள்.

வண்டி தெருவில் முன்னும் பின்னும் போய் வளைந்து, வாலைத் திருப்பி, பின்பக்கமாகவே கராஜுக்குள் நுழைந்தது. கிரீஸ் வண்டிக்குப் பின்னால் நின்று கையை அசைத்து, "வரலாம், வரலாம், இன்னும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் அவர் குரல் உடைந்தது. ஆனால் கையை அசைப்பதை நிறுத்தவில்லை. அந்தக் கராஜுக்குள் வந்த முதல் வண்டி அது. இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது.

பெஞ்சில் படுக்கவைத்ததும், அவள் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். இன்னொரு தடவையும் ஒதுக்கினாள், அது விழாமலேயே.

"வீட்டுக்கு வந்தாச்சு," என்றாள், பக்கத்தில் நின்ற மகளுக்கும் கேட்காத அளவுக்கு.

அப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இவ்வளவு பேரை அவள் எதிர்பார்க்கவில்லை. கட்டடங்களின் காவலாளிகள், துணிக்கடைப் பெண்கள், ஒரு பல் டாக்டர், கைத்தடியோடு ஒரு பெரியவர். பெரியவர் அவளிடம் சொன்னார்: "ஒருநாள் நாப்பது நிமிஷம் உள்ள மாட்டிக்கிட்டேம்மா. கரண்டும் இல்ல. உங்க வீட்டுக்காரர் மேல இருந்து கயித்தச் சரிபண்ணிக்கிட்டே, முழு நேரமும் என்கூடப் பேசிட்டிருந்தாரு. என்ன பேசினோம்னு இப்ப ஞாபகமில்ல. கதவு திறந்தப்புறம்தான் எனக்கு பயமே வந்துச்சு."

வந்தவர்களுக்குக் கையிலிருந்ததை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஹெல்மெட், நனைந்த குடை, சாப்பாட்டுப் பை. மூத்தார் நடுத்தட்டில் மீந்திருந்த இடத்தைக் காட்டினார். "இங்க வைங்க. தாங்கும். நான் பாத்திருக்கேன்." கொஞ்ச நேரத்தில் அந்த நாலடியும் நிரம்பிவிட்டது.

ஐந்து மணிக்கு எடுத்தார்கள். மழை அதற்குள் விட்டிருந்தது. அவளும் கூடப் போனாள். எல்லாம் முடிந்து திரும்பியபோது தெருவில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. மகளையும் மூத்தாரையும் மாடிக்கு அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுக்க நின்றாள்.

நடுத்தட்டின் அந்த நாலடி காலியாகியிருந்தது. ஓரத்தில் ஒரேயொரு சிவப்பு ஹெல்மெட் மட்டும் இருந்தது. எடுத்து உள்ளே பார்த்தாள். பெயர் எதுவும் இல்லை. பட்டையில் ஈரம் காயவில்லை. அதைத் தட்டின் நடுவில், வாசலிலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

பிறகு ஷட்டரை இறக்கினாள். பூட்டவில்லை. யாருடையதோ, வந்தால் குனிந்து ஷட்டரைத் தூக்கி எடுத்துக்கொள்ளட்டும் என்று, கீழே ஒரு முழம் விட்டுவிட்டுப் படியேறினாள்.